ஆரிபா தண்ணி

மாவடிக்குளம்,
9-2-1941

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, மகள் சாயிரா பானு ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். மாமாவுக்கு இருமல் விட்டிருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை அறுப்பு முடிந்தும் வீடு தங்காமல் களத்திலேயே கிடக்கிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய அல்வா வந்து சேர்ந்தது.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று தயங்கி இன்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் வயலுக்கு நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் வரும் முனியாயியை உங்களுக்குத் தெரியும். என் நிக்காஹ் அன்று பந்தலில் நின்று, "சாயக்கார ராவுத்தரு மகளுக்கு மருதாணி எதுக்கு? அப்பன் தொட்டாலே செவந்துருமே" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தாளே, அவள்தான். போன வாரம் நெல் அவிக்க வந்தவள் காலை நீட்டிக் காண்பித்தாள். பாதத்திலும் விரல் இடுக்கிலும் குழி குழியாகப் புண். வட்டமாக, ஓரம் தடித்து, ஆணியால் துளைத்ததுபோல.

"இம்புட்டுக் குழி விழுந்திருக்கு, ஆனா நோவக் காணோம் தாயீ. அதான் பயமா இருக்கு" என்றாள்.

அத்தா, அந்தப் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். காஜிமார் தெருவில் நம் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை இருந்த காலத்தில், சாயம் கெட்டியாக நிற்கப் போடும் குரோம் உப்புக் கரைக்கிற ஆட்களின் கையில் இருந்தது இதே புண்தான். அம்மா உயிரோடு இருந்தவரை, தொட்டிப் பக்கம் போகுமுன் ஒவ்வொருவர் கையிலும் விளக்கெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் சுட்டுவிரலிலும் அந்தத் தழும்பு உண்டு.

முனியாயி பட்டறை வாசலை மிதித்தவள் இல்லை. எங்கள் வயல் தண்ணீரில்தான் நின்றாள். அது மாவடிக் கண்மாய்த் தண்ணீர். ஊருக்கு மேற்கே மேட்டுநிலத்தில் நீங்கள் புதுப் பட்டறை போட்டதிலிருந்து, கழிவு ஓடைவழியாக அந்தக் கண்மாயில்தான் விழுகிறது. காக்கி வேலை ஆரம்பித்த பிறகு ஓடையே மஞ்சள் பாய்ந்து கிடக்கிறது.

நான் தப்பாக நினைத்திருக்கலாம். தப்பாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நடை வந்து அவள் காலைப் பாருங்கள். பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் மகள்,
சாயிரா பானு


மதுரை, காஜிமார் தெரு,
17-2-1941

பிரியமுள்ள மகள் சாயிராவுக்கு அத்தாவின் துஆ.

கடிதம் கண்டேன். நீ அப்படியே உன் அம்மா. ஒரு ஆளுக்குக் கை புண்ணானால் அன்றைக்குப் பூரா அவள் என்னோடு பேசமாட்டாள்.

வரவேண்டும் என்றுதான் ஆசை, மூச்சுவிட நேரமில்லை. பட்டாளத்துக்குக் காக்கித் துணி சாயம் போடும் ஆர்டர் முழுவதும் இப்போது நமக்கே கிடைத்துவிட்டது. சர்க்கார் ஆட்கள் துணியை வெயிலில் போட்டுப் பார்த்தார்கள், சோடாவில் வேகவைத்துப் பார்த்தார்கள், சாயம் இறங்கவில்லை. 'ஆரிபா டையிங் ஒர்க்ஸ் லிமிடெட்' என்று ஒவ்வொரு துணிப்பேலிலும் உன் அம்மா பெயர் அச்சாகி எகிப்து வரை போகிறது. கொல்லைப்புறத்தில் இரண்டு தொட்டி வைத்து ஆரம்பித்தவன் நான், நினைத்துப் பார். பங்கு விற்று லிமிடெட் கம்பெனி ஆக்கலாம் என்று வெள்ளைத்துரை சொன்னபோது பயந்தேன். பெயர்தான் துரை, ஆள் நம் ஜில்லாக்காரர்தான்; உசிலம்பட்டியில் பருத்தி அரவை மில் நடத்துகிறவர், உலகம் தெரிந்தவர். இப்போது அவர் சேர்மன், நான் மானேஜிங் டைரக்டர். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

நம் கெமிஸ்ட் சந்தானத்திடம் உன் சந்தேகத்தைச் சொன்னேன். தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கண்மாய் நெறையத் தண்ணி கெடக்குற வரைக்கும் பயமில்ல மொதலாளி" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முனியாயிக்கு ஒரு டப்பி களிம்பு அனுப்பியிருக்கிறேன். வெறும் சேற்றுப்புண்ணாக இருக்கும். தடவச் சொல்.

உங்கள் ஊரில் வாலிபர்கள் யாராவது வேலை கேட்டால் அனுப்பு. ஆள் வேண்டியிருக்கிறது.

அத்தா,
முகைதீன் பிச்சை


மாவடிக்குளம்,
13-7-1941

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, ஸலாம்.

கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கும்வரை பயமில்லை என்றாராம் சந்தானம். ஆடி பிறக்கப்போகிறது. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் இல்லை. உள்ளதும் தண்ணீர்போல இல்லை. மீன் எல்லாம் ஒரே காலையில் செத்துக் கரையோரம் ஒதுங்கின. பொறுக்கப் போனவர்களை நல்லகாமன் தடுத்தான். அவன் முனியாயியின் புருஷன். இரண்டு நாள் கழித்து அவர்கள் எருமை வாயில் நுரை தள்ளிச் செத்தது. கரைக்குக் கீழே இருக்கிற கிணற்றிலும் வாடை வருகிறது.

களிம்பு பலிக்கவில்லை. அவளுக்கு ஒரு கால்விரல் கறுத்திருக்கிறது. இப்போது நோகிறது.

நேற்றுக் கிணற்றடியில் ஒருத்தி தன் மகளை அதட்டினாள்: "ஏட்டி, ஆட்ட அங்கிட்டு விடாத. அது ஆரிபா தண்ணி." என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். பட்டறை வாசல் போர்டில் இருக்கிற பெயரைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அது என் அம்மா பெயர் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. குழந்தை வயிற்றுவலி என்று அழுதாலும், "ஆரிபா தண்ணியக் குடிச்சியா?" என்று கேட்கிறார்கள். அத்தா, அம்மா பெயரை இந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று நீங்கள் ஒருமுறை காதால் கேட்கவேண்டும்.

சந்தானம் இங்கே வந்திருந்தார். நான் கெஞ்சிக் கேட்டதால்தான் சொன்னார், அவரைக் கோபிக்காதீர்கள். பட்டறைக்குள்ளேயே பெரிய குழிகள் வெட்டி, கழிவைத் தேக்கி, சுண்ணாம்பு போட்டுத் தெளியவிட்டால் குரோம் அடியில் தங்கிவிடுமாம். மேலே வடிவதை மட்டும் வெளியே விடலாமாம். இதை உங்களிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அப்படியா அத்தா?

குழி வெட்டுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

சாயிரா பானு


மதுரை,
2-8-1941

மகள் சாயிராவுக்கு,

சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற கெமிஸ்ட் நம் வீட்டுப் பெண்ணிடம் வந்து கம்பெனி சமாசாரம் பேசுவான் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

குழி வெட்டுவது கொல்லையில் வாழைக்குக் குழி வெட்டுவதுபோல என்று நினைத்துவிட்டாய். அவர் சொல்கிறபடி செய்தால் ஒரு நாள் தண்ணீர் தெளிய இரண்டு நாள் ஆகும். அதுவரை தொட்டிகள் சும்மா நிற்கவேண்டும். பாதித் துணிதான் போகும். குறித்த தேதியில் துணி போகாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். என் இஷ்டத்துக்கு நிறுத்த இது என் ஒருத்தன் பட்டறை இல்லை. டைரக்டர்கள் இருக்கிறார்கள். பங்கு வாங்கியவர்களில் பென்ஷன் வாத்தியார்கள் இருக்கிறார்கள், புருஷனை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் உன் அத்தா கல்மனசுக்காரன் இல்லை. டைரக்டர்களிடம் பேசி, உங்கள் ஊரில் ஓர் இலவச ஆஸ்பத்திரி கட்ட ஏற்பாடு செய்துவிட்டேன். கம்பவுண்டர், மருந்து எல்லாம் கம்பெனி செலவு. 'ஆரிபா தரும வைத்தியசாலை'. இனி அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்வார்கள். முனியாயி மகன் மலையாண்டியையும் வேலைக்கு எடுத்துவிட்டேன். விசாரித்துப் பார், உன் ஊரிலிருந்தே இப்போது எத்தனை பேர் நம்மிடம் கஞ்சி குடிக்கிறார்கள் என்று.

அத்தா


மாவடிக்குளம்,
21-1-1942

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, ஸலாம்.

ஆஸ்பத்திரி திறப்பு விழாவில் உங்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இளைத்திருக்கிறீர்கள். மாலை போட்டார்கள், வெள்ளைத்துரை பேசினார், கிராமத்தின்மேல் கம்பெனிக்குள்ள அன்பு என்றார். தட்டி மறைவில் பெண்களோடு நானும் நின்றேன். நீங்கள் காரில் ஏறியபிறகுதான் முனியாயியை அவள் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். கம்பவுண்டர் காலைப் பார்த்துவிட்டு, "இங்க ஆகாது, மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார். மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் எங்கள் வயலில் நாற்று வேர் பிடிக்கவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் யாருக்குமே விளையவில்லை. அதனால்தான் உங்கள் மாப்பிள்ளையும் உங்களிடமே சூப்பர்வைசர் வேலைக்கு வந்தார். அவர் சந்தோஷமாக வந்தார் என்று நினைக்காதீர்கள். வந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சந்தானம் வேலையில் இல்லை என்று அவர்தான் சொன்னார். சந்தானம் போனாரா, நீங்கள் அனுப்பினீர்களா? அவர் பெயரை எழுதியவள் நான். அது என்னைத் தூங்கவிடவில்லை.

இனி எழுதுவதைச் சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் உங்களுக்கு எதிராக ஒன்றைச் செய்ய எனக்கு வரவில்லை. நான் மனு எழுதி, வீடுவீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓடைத் தண்ணீரைச் சோதிக்க ஓர் அதிகாரி வருகிற வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை வருகிறார்.

அன்று நீங்களும் வாருங்கள் அத்தா. என் பக்கம் நின்று, "ஆமாம், எங்கள் தண்ணீர்தான், சரி செய்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்களே சொன்னால் ஊர் உங்களைத் தலையில் வைத்துக்கொள்ளும். அதிகாரி சொல்லித்தான் செய்தீர்கள் என்று ஆகவேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
சாயிரா பானு


மாவடிக்குளம்,
4-2-1942

அத்தாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் ஓடையில் தெளிந்த தண்ணீர் வந்தது. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஓடிப்போய் அதைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அத்தா கேட்டுவிட்டார்கள் என்று மாமியிடம் சொல்லி அழுதேன். ஜும்ஆ நேரத்தில் உங்களுக்காக இரண்டு ரக்அத் அதிகம் தொழுதேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். நல்லவர்தான். ஓடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தார். ஒன்றும் இல்லை. கைநாட்டு வைத்தவர்களைச் சாவடிக்குக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று பட்டறையில் வேலை செய்கிற பிள்ளைகள் அன்று காலையே வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் முனியாயியைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்தேன்.

"இந்தக் கால் எப்படியம்மா போச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

நல்லகாமன் முந்திக்கொண்டான். "முள்ளுக் குத்துச்சுங்க எசமான். நாங்கதான் அசட்டையா விட்டுட்டோம்."

"கண்மாய்த் தண்ணியால இல்லையா?"

"அதெல்லாம் இல்லீங்க. தண்ணி நல்ல தண்ணிங்க."

முனியாயி என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே முகட்டைப் பார்த்துக் கிடந்தாள். அதிகாரி என்னிடம் மரியாதையாகவே சொன்னார், குடும்பச் சண்டையைச் சர்க்காருக்குக் கொண்டுவரக் கூடாது என்று.

அவர் கார் ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஓடை மறுபடி மஞ்சளாயிற்று.

"யார் அடைச்சது?" என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "ஒங்க அத்தாதான். நாலு நாளைக்குத் தொட்டித் தண்ணிய வெளிய விடாதீக, கெணத்துத் தண்ணிய ஓடைல விடுங்கன்னாக."

தேதி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

சாயிரா பானு


மதுரை,
20-2-1942

மகள் சாயிராவுக்கு,

ஆமாம். நான்தான் சொன்னேன். மாப்பிள்ளைமேல் கோபிக்காதே.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பட்டறைக்குப் போனேன். வரவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பக்கத்தில் நின்று என்ன பேசுவது என்றுகூட யோசித்தேன். பிறகு தொட்டிகளையும் ஆட்களையும் பார்த்தேன். அதிகாரி புட்டியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப்போனால் பட்டறைக்குப் பூட்டு. முந்நூறு குடும்பம். இப்போது சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ரங்கூன் அரிசி இனி வராது என்கிறார்கள். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் நம் தெருவிலேயே பள்ளிவாசல் வராந்தாவில் குழந்தைகளோடு படுத்திருக்கிறார்கள். கடையில் அரிசி ஏறிக்கொண்டே போகிறது. கம்பெனி ஆட்களுக்கு மட்டும் பழைய விலையில் அரிசி கொடுக்கிறோம். இந்த நேரத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படச் சொல்கிறாயா? சோறு இல்லாமலும் மனுஷன் சாவான் அம்மா.

யுத்தம் முடியட்டும். முடிந்த மறுநாள் குழி வெட்டுகிறேன். இது என் வாக்கு.

அத்தா


மதுரை,
13-10-1942

மகளே,

நேற்றுப் பெருநாள். உன்னிடமிருந்து ஸலாம் வரும் என்று தபால்காரனுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மட்டும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். நீ சுகமா என்று கேட்டதற்கு, "இருக்கா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அத்தா


மதுரை,
6-11-1943

மகள் சாயிராவுக்கு,

நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்துவிட்டாலும் சரி.

முனியாயி செத்த செய்தி மாப்பிள்ளை சொல்லி அறிந்தேன். அன்றே வந்தேன். கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, ரோட்டுப் பிரிவில் இறங்கி, கண்மாய்க் கரை வரை நடந்தேன். பாடை போவது தெரிந்தது. நல்லகாமன் பின்னால் போனான், தோளில் துண்டு இல்லை. இறங்கி ஊருக்குள் வர எனக்குக் கால் வரவில்லை. ஓடைப்பக்கம் போய்த் தண்ணீரில் கையை விட்டேன். முகர்ந்தேன். நாற்பது வருஷமாக மூக்குக்குப் பழகிய வாடை. நீ முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாய், வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று. பார்க்காமலே எனக்குத் தெரிந்திருந்தது, சாயிரா. அதனால்தான் வரவில்லை.

போன மாதம் டைரக்டர்கள் கூட்டத்தில் குழி விஷயத்தை எடுத்தேன். யுத்தம் முடியும்வரை காத்திருக்கவேண்டாம், துணியைக் குறைத்துக்கொள்வோம், இந்த வருஷம் பங்குக்காரர்களுக்கு லாபம் கொடுக்காவிட்டால் போகட்டும் என்றேன். எல்லோரும் வெள்ளைத்துரை முகத்தைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. சிரித்த மாதிரிதான் பேசினார்.

"ராவுத்தரே, இது ஒங்க கொல்லப்புறத்துத் தொட்டி இல்ல. லிமிடெட் கம்பெனி. பங்கு போட்டவன் என்னைய நம்பிப் போட்டிருக்கான், கண்மாயப் பாத்துப் போடல. ஆசுபத்திரி கட்டியாச்சு. வேல குடுத்தாச்சு. இன்னும் என்ன செய்யச் சொல்றீக?"

"கால் போயிருச்சு, இப்ப உசுரும் போயிருச்சே" என்றேன்.

"அந்த ஊர்க்காரனே முள்ளுக் குத்துச்சுன்னு அதிகாரிகிட்டச் சொல்லிட்டான். அத ஏற்பாடு பண்ணுனது யாரு? நீங்கதானே?"

கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் தூக்கியிருந்தது. அதே கூட்டத்தில் என்னை மானேஜிங் டைரக்டர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வயதாகிவிட்டது, ஓய்வு தேவை என்று எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டேன், போர்டிலிருந்து ஆரிபா பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று. அதுவும் முடியாதாம். ரிஜிஸ்தர் ஆன பெயர். பட்டாளத்துக்குத் தெரிந்த பெயர். பெயரும் கம்பெனிச் சொத்தாம்.

நடந்ததை எல்லாம், ஓடையை அடைத்தது உட்பட, என் கைப்பட எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். யுத்த வேலை நடக்கிற இடத்தில் இப்போது எதுவும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது.

சந்தானம் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். ஆமதாபாத்தில் ஏதோ மில்லில் என்கிறார்கள். அவரை அனுப்பியது நான்தான்.

அத்தா


மாவடிக்குளம்,
2-12-1943

அத்தாவுக்கு, ஸலாம்.

கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு தரம் படித்தேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

முனியாயி ஒரேயடியாகச் சாகவில்லை. வெட்டிய இடம் ஆறவே இல்லை. பஞ்சம் வேறு. கிடைத்த கஞ்சியை அவள் குடிக்காமல் நல்லகாமனுக்கு ஒதுக்கிவைத்தாள். கடைசி நாட்களில் நான்தான் புண்ணைக் கழுவினேன். என் மாமி தடுக்கவில்லை. ஒருநாள் அவளிடம் கேட்டேன், அன்று அதிகாரி முன்னால் ஏன் பேசவில்லை என்று.

"என்னான்னு பேச? எங்காலு போனது போனதுதான். எம்மகன் வேலயும் போகவா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க அத்தாவ வையாத தாயீ. அவுகளும்தான் கஞ்சி ஊத்துறாக" என்றாள்.

அத்தா, அவள் உங்களை வைதிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். வாயாடி அவள். என் நிக்காஹில் உங்களையே கேலி செய்தவள். அவளைக் கையேந்தி நன்றி சொல்ல வைத்துவிட்டோம்.

மலையாண்டியின் இரண்டு கையிலும் இப்போது குழி இருக்கிறது. விளக்கெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். எண்ணெய் விற்கிற விலையில் தாளிக்கவே கிடைக்கவில்லை என்று சிரித்தான். உங்கள் மாப்பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. நேற்று விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூக்குத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறது. வேலையை விடுங்கள் என்றேன். "விட்டா? நெலத்துல வெளையுதா?" என்றார். ஆனால் நேற்றுத்தான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கு இரண்டாவது கருவும் தங்கவில்லை. அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை உங்கள்மேல் போடக்கூடாது, எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

நீங்கள் கை தூக்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கையை அன்று திங்கட்கிழமை தூக்கியிருந்தால் கம்பெனி உங்கள் சொல்லைக் கேட்டிருக்கும். அப்போது நீங்கள் மானேஜிங் டைரக்டர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சடங்குக்காக எழுதவில்லை.

சாயிரா பானு


மதுரை,
18-11-1945

அன்பு மகள் சாயிராவுக்கு அத்தாவின் துஆ.

யுத்தம் முடிந்தது. யுத்தம் முடிந்த மறுநாள் குழி வெட்டுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். வெட்டப் பட்டறையே இல்லை.

காக்கி ஆர்டர் நின்றதும் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். நான் தடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் என் பேச்சு எடுபடவில்லை. இயந்திரங்களைக் கோயமுத்தூர்க்காரர்கள் லாரியில் ஏற்றிப்போனார்கள். ஏற்றுமுன் தொட்டிகளைக் காலிசெய்யவேண்டும் அல்லவா? அடியில் தங்கிய கசடு உட்பட எல்லாவற்றையும் ஓடையில் திறந்துவிட்டார்கள். நீ பார்த்திருப்பாய். ஆட்களை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள், உன் ஊர்க்காரர்கள் உள்பட. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும் போய்விட்டாராம். பங்கு போட்டவர்களுக்குப் போட்டதற்குமேல் கிடைத்திருக்கிறது. வெள்ளைத்துரை எனக்கும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார், மரியாதையாகத்தான்.

வக்கீலைப் பார்த்தேன். யார்மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்று கேட்டார். கம்பெனிமேல் என்றேன். கம்பெனி என்று ஒன்று இப்போது இல்லையே என்றார். டைரக்டர்கள் இருக்கிறோமே என்றேன். நீங்கள் செய்ததெல்லாம் கம்பெனி செய்தது, உங்கள்மேல் வராது என்றார். எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சொன்னார், பாவம்.

காஜிமார் தெரு வீட்டை விற்கிறேன். பேச்சு முடிந்துவிட்டது. அதையும் என் பங்குக்கு வந்ததையும் வைத்து மாவடிக் கண்மாயைத் தூர்வாரப்போகிறேன். அடி மண்ணை ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டால் விஷம் போய்விடும், அடுத்த மழையில் நல்ல தண்ணீர் நிற்கும். உன் ஊர் ஆட்களுக்கே அந்த வேலையைக் கொடுத்தால் அவர்களுக்கும் கொஞ்ச நாள் பிழைப்பாகும்.

வீடு கைமாறிய பிறகு எனக்குத் தங்க இடம் கிடையாது. உன் வீட்டுக்கு வரலாமா? மாப்பிள்ளையையும் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் பள்ளிவாசலில் இருந்துகொள்கிறேன், வருத்தமில்லை.

அத்தா,
முகைதீன் பிச்சை


மாவடிக்குளம்,
1-12-1945

அன்புள்ள அத்தா அவர்களுக்கு, மகள் சாயிரா பானு ஸலாம்.

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை சாவடியில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஊரில் பாதிப்பேர் இல்லை. சிலர் கொட்டாம்பட்டிப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டார்கள். மலையாண்டி மதுரையில் மூட்டை தூக்குகிறானாம். இருந்தவர்கள் கேட்டார்கள். யாரும் உங்களை வையவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

வாசித்து முடித்ததும் நல்லகாமன்தான் பேசினான். "அள்ளுறது சரிதான். ராவுத்தரு நல்ல மனசோடதான் சொல்றாரு. அள்ளுன மண்ண எங்கிட்டுக் கொண்டுபோய்க் கொட்டுறது?"

மேற்கே பட்டறை மேடு, மழை பெய்தால் மறுபடி இங்கேதான் வரும் என்றார் ஒருவர். கிழக்கே கொட்டினால் சருகுப்பட்டிக் கண்மாய். தெற்கே கொட்டினால் பெரிய வாய்க்கால், அது எத்தனையோ ஊருக்குப் போகிறது. வடக்கே மேய்ச்சல் நிலம். ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் கொட்டினாலும் அங்கே ஒரு முனியாயி இருப்பாள் அத்தா.

அதனால் வீட்டை விற்க அவசரப்படாதீர்கள். அந்த மண்ணை எங்கே கொட்டலாம் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விசாரியுங்கள். சந்தானத்துக்கு எழுதிப் பாருங்கள். அவர் பதில் போடாமல் போனாலும் எழுதுங்கள்.

நீங்கள் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை வரச் சொன்னார். நானும் சொல்கிறேன், வாருங்கள். கிணற்றை மூடிவிட்டோம். இரண்டு மைல் போய், பஸ் நிற்கிற பிரிவில் உள்ள கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுக்கிறேன். வரும்போது பிரிவிலேயே இறங்கி, ஒரு குடம் நிறைத்துத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மகள்,
சாயிரா பானு